எபிசோட்: பன்றியின் நுரையீரல், மனிதனின் ரத்தம் – அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

2025 ஆகஸ்ட் கடைசியில ஒரு செய்தி எல்லா இடத்துலயும் ஓடுச்சு. பன்றியோட நுரையீரலை ஒரு மனுஷ உடம்புல பொருத்தினாங்க, அது ஒன்பது நாள் வேலை செஞ்சுதுன்னு. சில பேர் "அடேங்கப்பா, அடுத்த வருஷமே ஆஸ்பத்திரிக்கு வந்துடும்"னு பேசினாங்க. சில பேர் "ஒன்பது நாள்தானே, இதுல என்ன இருக்கு"ன்னு தள்ளிவிட்டாங்க. ரெண்டு பேச்சுமே அந்த ஒன்பதுங்கற எண்ணைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு. எனக்கு அந்த எண்ணைவிட, அந்த ஒன்பது நாளுக்குள்ள எது எந்த வரிசையில நடந்துச்சுங்கறதுதான் முக்கியமா படுது. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆளு. அதனால நடுவுல நம்ம தொழில் உதாரணங்கள் வரும். அந்த உதாரணம் எங்க பொருந்தாதுன்னும் சொல்லிடறேன்.

முதல்ல, நடந்தது என்ன?

சீனாவுல குவாங்சோ நகரம். அங்க குவாங்சோ மருத்துவப் பல்கலைக்கழகத்தோட முதல் இணைப்பு மருத்துவமனையில, ஹ ஜியான்சிங் தலைமையிலான குழு இந்த அறுவை சிகிச்சையை 2024-ல செஞ்சாங்க. முடிவுகள் 'நேச்சர் மெடிசின்' இதழ்ல 2025 ஆகஸ்ட் 25 அன்னைக்கு வெளியாச்சு.

நுரையீரலைப் பெற்றவர் 39 வயசு ஆண். மூளையில ரத்தக்கசிவு ஏற்பட்டு மூளைச்சாவு அடைஞ்சவர். குடும்பத்தோட சம்மதத்தோட, அவரோட இடது நுரையீரலை எடுத்துட்டு, ஆறு மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட ஒரு பன்றியோட இடது நுரையீரலை வெச்சாங்க. இதுல ஒரு விஷயத்தைக் குறிச்சு வெச்சுக்குங்க: வலது நுரையீரல் அவரோட சொந்த நுரையீரல்தான். அது அப்படியே வேலை செஞ்சுக்கிட்டிருந்துச்சு.

மொத்தம் 216 மணி நேரம் கவனிச்சாங்க. முதல் சில மணி நேரத்துல வரக்கூடிய அதிவேக நிராகரிப்பு வரலை. ஆனா 24 மணி நேரத்துல நுரையீரல்ல கடுமையா நீர் கோத்துக்கிச்சு. மூணாவது நாளும் ஆறாவது நாளும் ஆன்டிபாடிகள் அந்த நுரையீரலைத் தாக்கினதுக்கான அறிகுறிகள் தெரிஞ்சுது. ஒன்பதாவது நாள் ஓரளவு மீண்டுச்சு. அன்னைக்குக் குடும்பத்தாரோட விருப்பப்படி ஆய்வை நிறுத்தினாங்க.

இந்த வரிசைதான் இன்னைக்கு நம்ம பாடம். முதல் மணி நேரம், முதல் நாள், மூணாவது நாள், ஆறாவது நாள். ஒவ்வொரு கட்டத்துலயும் உடம்பு வேற வேற காரணத்துக்காக "இது என்னோடது இல்லை"ன்னு சொல்லுது.

எதுக்கு இவ்வளவு பாடு?

மனுஷங்களோட நுரையீரலே போதுமான அளவு கிடைச்சா, பன்றிகிட்ட யாரும் போக மாட்டாங்க. தமிழ்நாட்டுல 2008-லேர்ந்து மூளைச்சாவு அடைஞ்சவங்களோட உறுப்பு தானத் திட்டம் முறையா நடக்குது. ஆம்புலன்ஸுக்கு வழிவிட டிராஃபிக்கை நிறுத்தி வெக்கற செய்தியெல்லாம் பார்த்திருப்பீங்க. ஆனா ஒரு குடும்பம் முழு மனசோட தானம் கொடுத்தாலும், நுரையீரல் பயன்படாம போற வாய்ப்பு ரொம்ப அதிகம். உலக அளவுல, தானம் கொடுக்கறவங்கள்ல சுமார் ஐந்தில் ஒருத்தரோட நுரையீரல்தான் பொருத்தற நிலைமையில இருக்கும்.

ஏன்னா மூளைச்சாவே நுரையீரலைக் கெடுக்கும். மூளை செயலிழக்கும்போது உடம்புல ரத்த அழுத்தமும் ஹார்மோன்களும் தாறுமாறா ஏறி இறங்கும், அதுல நுரையீரல்ல நீர் கோத்துக்கும். வென்டிலேட்டர்ல இருக்கறதால கிருமித் தொற்று வரும். கிட்னியும் கல்லீரலும் நல்லா இருக்கும், நுரையீரல் மட்டும் போயிருக்கும்.

கிடைச்சாலும் கதை முடியாது. மனுஷ இதயம் மாத்திக்கிட்டவங்கள்ல பாதிப் பேர் 12 வருஷத்துக்கு மேல வாழறாங்க. நுரையீரல் மாத்திக்கிட்டவங்களுக்கு அந்தக் கணக்கு 6, 7 வருஷத்துலயே நின்னுடுது. மனுஷன்லேர்ந்து மனுஷனுக்கு மாத்தறதுலயே கஷ்டமான உறுப்பு இது. அதுவும் இன்னொரு விலங்கோடதுன்னா?

முதல் சுவர்: ஒரு சர்க்கரை

பன்றியோட உறுப்பை ஒண்ணும் மாத்தாம அப்படியே மனுஷ ரத்தத்தோட இணைச்சா, சில நிமிஷத்துலேர்ந்து சில மணி நேரத்துக்குள்ள செத்துடும். நுரையீரல்னா நிமிஷக் கணக்குதான். இதைத்தான் அதிவேக நிராகரிப்புன்னு சொல்றோம்.

இதுக்கு முக்கியக் காரணம் ஆல்ஃபா-கேல்னு ஒரு சர்க்கரை. நாம டீயில போடற சர்க்கரை இல்லை. செல்லோட வெளிப்பக்கத்துல முடி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கற சர்க்கரைச் சங்கிலியோட நுனி. பன்றி, மாடு, ஆடு, நாய் எல்லாத்துக்கிட்டயும் இது இருக்கு. மனுஷங்க, வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் – இவங்ககிட்ட மட்டும் இல்லை. நம்ம முன்னோர் வழியில சுமார் 2 கோடியிலேர்ந்து 3 கோடி வருஷத்துக்கு முன்னாடி அந்த மரபணு பழுதாயிடுச்சு.

நம்மகிட்ட இல்லைங்கறதால, அது நமக்கு அந்நியம். அதுமட்டுமில்லாம, நம்ம குடல்ல வாழற பாக்டீரியாக்கள் சிலதுலயும் இதே மாதிரி சர்க்கரை இருக்கு. அதனால குழந்தைப் பருவத்துலேர்ந்தே உடம்பு இதுக்கு எதிரா ஆன்டிபாடி செஞ்சு குவிச்சு வெச்சிருக்கு. நம்ம ரத்தத்துல இருக்கற ஐஜிஜி வகை ஆன்டிபாடிகள்ல சுமார் 1 சதவீதம் இந்த ஒரே ஒரு சர்க்கரைக்கு எதிரானதுதான். யூரி கலிலிங்கற விஞ்ஞானி 1980-களில் இதைக் கண்டுபிடிச்சார். அதாவது, பன்றி உறுப்பு உள்ள வர்றதுக்கு முன்னாடியே அதுக்கான எதிர்ப்பு தயாரா நிக்குது.

ஆன்டிபாடி போய் ஒட்டிக்கிச்சுன்னா, அடுத்து காம்ப்ளிமென்ட்னு ஒரு புரதக் கூட்டம் வேலையை ஆரம்பிக்கும். ஒண்ணு இன்னொண்ணைத் தட்டி எழுப்ப, அது பத்தை எழுப்ப, கடைசியில செல்லோட சுவர்ல ஓட்டை போடும். ரத்தக்குழாயோட உள்சுவர் முழுக்கச் சிதைஞ்சு, நுரையீரல் ரத்தத்தாலயும் நீராலயும் நிரம்பிடும்.

தீர்வு கேக்க சுலபமா இருக்கும்: பன்றிகிட்டேர்ந்து அந்தச் சர்க்கரையை எடுத்துடு. 2002, 2003 வாக்குல அப்படிப்பட்ட பன்றிக்குட்டிகள் பிறந்துச்சு. அந்த வகைப் பன்றியை 2020 டிசம்பர்ல அமெரிக்காவோட எஃப்டிஏ அங்கீகரிச்சுது. இந்தச் சர்க்கரையால இறைச்சி அலர்ஜி வர்றவங்களுக்கும் அது உதவும்.

ஒரு பிழையைச் சரி பண்ணா அடுத்தது தெரியும்

நம்ம வேலையில இது அடிக்கடி நடக்கும். புரோக்ராம் முதல் வரியிலேயே கிராஷ் ஆகும். அதைச் சரி பண்ணிட்டு ஓடவிட்டா, நூறாவது வரியில இன்னொண்ணு. அது புதுப் பிழை இல்லை, முதல்லேர்ந்தே இருந்துச்சு. அது வரைக்கும் போக முதல் பிழை விடலை, அவ்வளவுதான்.

ஆல்ஃபா-கேலை எடுத்த பிறகும் ஆன்டிபாடி வந்துச்சு. தேடினா, இன்னும் ரெண்டு சர்க்கரைகள் மாட்டுச்சு. அதையும் எடுத்தாங்க. குவாங்சோ பன்றியோட ஆறு மாற்றங்கள்ல மூணு இதுதான்: மூணு சர்க்கரைகளுக்கான மரபணுக்களை நிறுத்தி வெச்சது.

மீதி மூணு, மனுஷ மரபணுக்களைச் சேர்த்தது. அதுல ரெண்டு, சிடி46, சிடி55. நம்ம சொந்த செல்கள் காம்ப்ளிமென்ட் தாக்குதல்லேர்ந்து தப்பிக்கறது இந்த மாதிரி புரதங்களாலதான். "நான் இந்த வீட்டு ஆளு, விட்டுடு"ன்னு காட்டற அடையாள அட்டைன்னு வெச்சுக்கலாம். பன்றிகிட்டயும் அதோட அட்டை இருக்கு, ஆனா மனுஷ ரத்தத்தோட வேகத்துக்கு அது ஈடு கொடுக்கறதில்லை. அதனால மனுஷ அட்டையையே பன்றி செல்லுக்குக் கொடுத்தாங்க.

ஆறாவது, த்ராம்போமாடுலின். இது ரத்தம் உறையற விஷயம். ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் சும்மா சும்மா உறையாம பார்த்துக்கறது இந்தப் புரதம். பன்றியோட த்ராம்போமாடுலின், மனுஷ ரத்தத்துல இருக்கற கூட்டாளிப் புரதத்தோட சரியா சேர்ந்து வேலை செய்யாது. ரெண்டும் தனித்தனியா நல்ல பொருள்தான், வெர்ஷன் மட்டும் ஒத்துப்போகலை. விளைவு, சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல எல்லாம் கட்டி கட்டியா உறைஞ்சுடும்.

இங்க கவனிங்க. இந்தக் கடைசி விஷயத்துல எதிர்ப்பு சக்தி நேரடியா எதையும் தாக்கவே இல்லை. ஆனாலும் உறுப்பு சாகும். "நிராகரிப்பு"ன்னு ஒரே சொல்லால சொல்றோம், அதுக்குள்ள யுத்தமும் இருக்கு, வெறும் பொருத்தமில்லாமையும் இருக்கு. எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்தை எவ்வளவு கொடுத்தாலும், பொருத்தமில்லாமை சரியாகாது.

ஏன் நுரையீரல் மட்டும் பின்தங்கி நிக்குது?

குரங்குகள்கிட்ட செஞ்ச சோதனைகளோட கணக்கைப் பாருங்க. பன்றியோட இதயம் ஒரு பபூன் குரங்கோட வயித்துக்குள்ள 945 நாள் துடிச்சுது. அந்தக் குரங்கோட சொந்த இதயமும் கூடவே இருந்துச்சு, அது வேற விஷயம். பன்றி கிட்னி வெச்ச ஒரு குரங்கு 758 நாள் வாழ்ந்துச்சு. நுரையீரல்? பல வருஷ உழைப்புக்கு அப்புறம், நல்லா போன சோதனையே ஒரு மாசத்தை ஒட்டித்தான் நிக்குது.

இதுக்கு நாலு காரணம் சொல்லலாம்.

ஒண்ணு, ரத்தம். இதயம் ஒரு நிமிஷத்துக்குத் தள்ளற சுமார் 5 லிட்டர் ரத்தமும் நுரையீரல் வழியா போயே ஆகணும். கிட்னிகளுக்கு அதுல ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் போகும். அந்த 5 லிட்டரும் ரொம்ப மெல்லிய ரத்தக்குழாய் வலைக்குள்ள பரவி ஓடுது. அப்போ ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட், பிளேட்லெட் எல்லாத்துக்கும் பன்றி செல்லைத் தொட்டுப் பார்க்கற இடம் இந்த உறுப்புல ரொம்ப அதிகம்.

ரெண்டு, மெல்லிய சுவர். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கற தடுப்பு ஒரு மைக்ரானைவிடக் குறைவு. தலைமுடியோட தடிமன்ல நூத்துல ஒரு பங்குகூட வராது. அவ்வளவு மெல்லிசா இருந்தாத்தான் ஆக்சிஜன் கடந்து போகும். கிட்னி கொஞ்சம் வீங்கினாலும் தாங்கும். நுரையீரல்ல அந்தச் சுவர் கொஞ்சம் கசிஞ்சாலே காற்று இருக்க வேண்டிய இடத்துல தண்ணி. உடனே மூச்சுத்திணறல்தான்.

மூணு, எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த விஷயம். நிராகரிப்புன்னா பெற்றவரோட உடம்பு வந்த உறுப்பைத் தாக்கறதுன்னுதானே நினைக்கறோம்? நுரையீரல்ல எதிர்த்திசையிலயும் நடக்குது. பன்றியோட நுரையீரல் ரத்தக்குழாய்களுக்குள்ளேயே விழுங்கணுக்கள் நிரந்தரமா குடியிருக்கு. மேக்ரோஃபேஜ்னு சொல்வாங்க. மனுஷங்களுக்கு இந்த இடத்துல சாதாரணமா அது கிடையாது. பன்றியோட நுரையீரலை எடுத்து வெச்சா, இந்தக் காவல்படையும் கூடவே வந்துடுது. அது மனுஷ ரத்தத்தை அந்நியமா பார்த்துக் கிளர்ச்சி ஆகி, வீக்கத்தைத் தூண்டற ரசாயனங்களைக் கொட்டுது. வீட்டுக்காரன் ஒரு பக்கம் விரட்டறான், வந்த விருந்தாளியும் கம்போடதான் வந்திருக்கான்.

இதோட வான் வில்லபிராண்ட்னு ஒரு புரதம். காயம் பட்டா பிளேட்லெட்டைப் பிடிச்சு நிறுத்தறது இதோட வேலை. பன்றியோட வான் வில்லபிராண்ட், காயமே இல்லாதப்பவும் மனுஷ பிளேட்லெட்டைப் பிடிச்சுக்கும். நுரையீரல்ல இது நிறைய. குவாங்சோ பன்றியோட ஆறு மாற்றங்கள்ல இது சேரலை.

நாலு, காற்று. இதயமும் கிட்னியும் உள்ள மூடி இருக்கற உறுப்பு. நுரையீரல் ஒவ்வொரு மூச்சுலயும் வெளி உலகத்தோட தொடர்புல இருக்கு, தூசு, கிருமி எல்லாத்தோடயும். எதிர்ப்பு சக்தியை ரொம்ப அடக்கினா கிருமி ஜெயிக்கும், அடக்காம விட்டா ஆன்டிபாடி ஜெயிக்கும். நடுவுல நடக்கற பாதை மற்ற உறுப்புகளுக்கு இருக்கறதைவிட இங்க ரொம்ப ஒடுக்கம்.

குரங்குகிட்ட சோதிச்சா போதாதா?

"மூளைச்சாவு அடைஞ்சவர் உடம்புல எதுக்கு சோதனை? குரங்குகிட்டயே இன்னும் சோதிக்கலாமே?" நியாயமான கேள்வி. அதுக்கு ஒரு நல்ல பதில் இருக்கு.

மூணு சர்க்கரைன்னு சொன்னேன் இல்லையா. அதுல ஒண்ணு, நியூ-ஃபைவ்-ஜிசி. இது மனுஷங்ககிட்ட இல்லை, ஆனா பபூன் மாதிரி குரங்குகள்கிட்ட இருக்கு. அதனால மனுஷனுக்காக இந்தச் சர்க்கரையை எடுத்த பன்றியோட உறுப்பைக் குரங்குக்கு வெச்சா, குரங்குக்கு எந்த நன்மையும் இல்லை. அதோட நிக்கலை. அந்தச் சர்க்கரையை எடுத்ததும், அது வரைக்கும் மறைஞ்சிருந்த வேற ஏதோ ஒண்ணு வெளிய தெரிஞ்சு, குரங்கோட ஆன்டிபாடி அதைப் பிடிச்சுக்குது. மனுஷனுக்கு நல்லது செய்யற மாற்றம், குரங்குக்குக் கெடுதலா முடியுது.

நம்ம பாஷையில சொன்னா, ஸ்டேஜிங் சர்வர்ல இருக்கற செட்டிங் வேற, புரொடக்‌ஷன்ல இருக்கற செட்டிங் வேற. ஸ்டேஜிங்ல ஃபெயில் ஆனது புரொடக்‌ஷன்ல பாஸ் ஆகலாம், தலைகீழாவும் நடக்கலாம். ஆனா நம்ம உதாரணம் இங்கதான் உடையுது. நமக்குப் புரொடக்‌ஷன்ல பிரச்சினைன்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். உயிரோட இருக்கற ஒருத்தர் உடம்புல அது முடியாது. மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட குடும்பம் கொடுத்த அந்த ஒன்பது நாள், குரங்குக்கும் உயிருள்ள நோயாளிக்கும் நடுவுல இருக்கற படி. அதைப் பெரிய கொடைன்னுதான் நான் பார்க்கறேன்.

இந்தப் படியைத் தாண்டிக் குதிச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம நாட்டுலயே உதாரணம் இருக்கு. 1997 ஜனவரியில அசாமைச் சேர்ந்த டாக்டர் தனிராம் பருவா, 32 வயசு ஆள் ஒருத்தருக்குப் பன்றியோட இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினதா அறிவிச்சார். நோயாளி சுமார் ஒரு வாரத்துல இறந்துட்டார். மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ டாக்டர் கைதாகி, சுமார் 40 நாள் சிறையில இருந்தார். அவரைக் காலத்துக்கு முந்தினவர்னு இன்னைக்குச் சொல்றவங்களும் உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. 1997-ல ஆல்ஃபா-கேல் இல்லாத பன்றியே உலகத்துல கிடையாது. முதல் சுவரையே தாண்ட வழியில்லாத காலம் அது.

அந்த ஒன்பது நாளைத் திரும்பப் படிப்போம்

இப்போ குவாங்சோ வரிசைக்குத் திரும்பலாம். இனி ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் தெரியும்.

அதிவேக நிராகரிப்பு வரலை: மூணு சர்க்கரையை எடுத்ததும், மனுஷ அடையாள அட்டையைக் கொடுத்ததும், காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கற மருந்தும் சேர்ந்து முதல் சுவரைத் தாண்டியாச்சு. இது நிஜமான முன்னேற்றம். மாத்தாத பன்றி நுரையீரல் நிமிஷக் கணக்குல போயிருக்கும்.

24 மணி நேரத்துல நீர் கோத்தது: இது மனுஷ நுரையீரலை மாத்தினாலும் வரக்கூடிய சிக்கல். ரத்த ஓட்டம் நின்ன உறுப்புக்குத் திரும்ப ரத்தம் பாயும்போது ஏற்படற காயம். அதுதான் காரணமா இருக்கலாம்னு ஆய்வாளர்களும் எழுதியிருக்காங்க. ஆனா மூளைச்சாவு ஆன உடம்பே வீக்கத்துல கொதிச்சுக்கிட்டிருக்கும். அதனால எது எவ்வளவு பங்குன்னு சுத்தமா பிரிக்க முடியாது.

மூணாவது, ஆறாவது நாள்ல ஆன்டிபாடித் தாக்குதல்: மூணு சர்க்கரை போனாலும், பன்றி செல்லோட மேற்பரப்புல வேற அந்நியப் புரதங்கள் இருக்கு. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும் இது வந்துச்சு. அடுத்த சுவர் இதுதான்.

ஒன்பதாவது நாள் ஓரளவு மீட்சி: நம்பிக்கை தர்ற வரி, ஆனா பத்தாவது நாள் நமக்குத் தெரியாது. வாரங்கள், மாதங்கள் கழிச்சு டி-செல்கள் நடத்தற நிராகரிப்பு அந்தக் காலக்கெடுவுக்குள்ள வரவே வராது.

முதல்ல குறிச்சு வெச்சுக்கச் சொன்னேனே, அந்த வலது நுரையீரல், அது இப்போ வருது. அவரோட சொந்த நுரையீரல் வேலை செஞ்சுக்கிட்டிருந்ததால, பன்றி நுரையீரல் மட்டும் தனியா ஒரு உடம்பைத் தாங்குமாங்கற கேள்விக்கு இந்த ஆய்வு பதில் சொல்லலை. உயிரோட இருந்துச்சு, காற்றைப் பரிமாறுச்சு. ஒரு மனுஷனைக் காப்பாத்துச்சான்னா, அது சோதிக்கப்படலை.

அப்போ நம்பிக் காத்திருக்கலாமா?

அப்பாவுக்கு நுரையீரல் தழும்பாகி இறுகற நோய், டிரான்ஸ்பிளான்ட் லிஸ்ட்ல பேர் கொடுக்கறதா, இல்லை பன்றி நுரையீரல் வர்ற வரைக்கும் பொறுக்கறதான்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியைச் சுத்தி வளைச்சுப் பேச நான் விரும்பலை. இதுக்காகக் காத்திருக்காதீங்க. டாக்டர் லிஸ்ட்ல சேரச் சொன்னா சேருங்க. சீக்கிரம் பரிந்துரை வாங்கறது நல்லது, ஏன்னா உடம்பு ரொம்ப பலவீனமான பிறகு அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாம போகலாம்.

ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, மற்ற உறுப்புகளோட கதையைப் பாருங்க. 2022 ஜனவரியில அமெரிக்காவோட மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல டேவிட் பென்னெட்டுக்குப் பன்றி இதயம் வெச்சாங்க, ரெண்டு மாசம் வாழ்ந்தார். கிட்னியில இன்னும் தூரம் போயிருக்காங்க. டோவானா லூனிக்கு 2024 நவம்பர்ல வெச்ச பன்றி கிட்னி 130 நாள் வேலை செஞ்சுது. டிம் ஆண்ட்ரூஸுக்கு 2025 ஜனவரியில வெச்சது 271 நாள். ரெண்டு பேருக்கும் கடைசியில அதை எடுக்க வேண்டி வந்துச்சு. எடுத்த பிறகு ரெண்டு பேரும் டயாலிசிஸுக்குத் திரும்பினாங்க.

அந்த "திரும்பினாங்க"ங்கற சொல்லைப் பாருங்க. கிட்னிக்குத் திரும்ப ஒரு இடம் இருக்கு. வாரம் மூணு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வருஷக்கணக்கா வாழலாம். நுரையீரலுக்கு இருக்கறது எக்மோ. 2020-ல எஸ்.பி.பி. சாருக்கு வெச்சப்போ நம்ம ஊர் முழுக்கத் தெரிஞ்சுக்கிட்ட அந்த மெஷின். அது ஐசியூ படுக்கையில, ரத்தக்கசிவு ஆபத்தோட, நாள் கணக்குல, வாரக் கணக்குல தாங்கற ஏற்பாடு. வீட்டுக்குப் போய் வாழற ஏற்பாடு இல்லை. அதனால உயிரோட இருக்கற ஒருத்தருக்குப் பன்றி நுரையீரல் வெக்கற முடிவு, கிட்னி முடிவைவிடப் பல மடங்கு கனமானது.

அதுவரைக்கும் வேற பாதைகளும் ஓடிக்கிட்டிருக்கு. தானமா வந்தும் பழுதுன்னு ஒதுக்கின மனுஷ நுரையீரலைக் குழாய் வழியா உயிருள்ள ஒரு பன்றியோட ரத்த ஓட்டத்துல இணைச்சு, ஒரு நாள்ல தேத்திக் காட்டியிருக்காங்க அமெரிக்காவுல ஒரு ஆய்வுக் குழு. 2020-ல அந்த முடிவு வந்துச்சு. ஐந்தில் ஒண்ணுதான் தேறுதுன்னு சொன்னேனே, அதை ரெண்டாக்கினாலே எத்தனை பேர் பிழைப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

முதல் மனுஷ நுரையீரல் மாற்று 1963 ஜூன்ல அமெரிக்காவோட மிசிசிப்பியில ஜேம்ஸ் ஹார்டி செஞ்சது. நோயாளி 18 நாள் வாழ்ந்தார். நீண்ட காலம் வாழ்ந்த முதல் நோயாளி 1983-ல, கனடாவோட டொராண்டோவுல. நடுவுல 20 வருஷம், நிறைய மரணங்கள். 18 நாளைப் பார்த்து "முடிஞ்சுது"ன்னும் யாரும் மூட்டை கட்டலை, "ஜெயிச்சாச்சு"ன்னும் யாரும் உட்காரலை. எந்த நாள்ல எது உடைஞ்சுதுன்னு எழுதி வெச்சாங்க, அடுத்தவங்க அதைப் படிச்சாங்க.

அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வரும்போது மூணு கேள்வி கேளுங்க. நோயாளியோட சொந்த நுரையீரல் ஒண்ணாவது உள்ள இருந்துச்சா? ஆன்டிபாடி எந்த நாள்ல வந்துச்சு, மருந்துக்கு அடங்குச்சா? தோத்துப்போனா திரும்ப வழி என்ன வெச்சிருந்தாங்க? இந்த மூணுக்கும் செய்தியில பதில் இருந்தா, அதுல எத்தனை நாள்னு போட்டிருந்தாலும் நிதானமா படிக்கலாம்.

இந்த எபிசோட் யாருக்காவது உதவும்னு தோணினா அனுப்பி வைங்க. உறுப்பு தானம் பத்தி வீட்டுல ஒரு தடவை பேசிடுங்க. உங்க விருப்பம் என்னன்னு குடும்பத்துக்குத் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா கடைசியில அந்தக் கையெழுத்தைப் போடப் போறது அவங்கதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.